முழங்காலைக் கட்டிய துணி

ஒரு முறை கற்றுக்கொண்ட தொழில் மறக்காது என்று யாராவது சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் எரியும். சொல்பவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். இருந்தாலும் எரியும். உடனே நீச்சலைச் சொல்வார்கள், சைக்கிளைச் சொல்வார்கள். எத்தனை வருடம் கழித்து ஏறினாலும் சைக்கிள் ஓட்டலாமாம். ஓட்டலாம்தான், கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கி வரலாம். அதற்கும், காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே அளவுத் தையலை ஒரே விளிம்பில் மயிரிழை விலகாமல் ஓட்டுவதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களிடம் என்ன பேசுவது? பேசாமல் இருந்து இருந்துதான் எனக்கு இவ்வளவு கோபம் சேர்ந்திருக்கிறது.

நான் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டெய்லர். டெய்லர் என்றதும் ஜாக்கெட் தைத்துத் தர முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. முடியாது. எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனியில் மெஷின் முன்னால் உட்காரும் பெண்களை எல்லாம் டெய்லர் என்றுதான் சொல்வார்கள். ஷூவின் மேல்பாகம் துண்டு துண்டான தோலாக வரும். அவற்றைத் தைத்து ஒன்றாக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. துணியில் தையல் கோணலாகப் போனால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கலாம். தோலில் அந்தக் கதை கிடையாது. ஊசி ஒரு தடவை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். ஒரு ஓட்டை தப்பினால் அந்தத் தோல் குப்பைக்குப் போகும், லைன் முழுக்க எல்லோரும் திரும்பி உன்னைப் பார்ப்பார்கள்.

அதனால்தான் புதிதாக வருகிறவர்கள் கையில் தோலைக் கொடுக்கமாட்டார்கள். காகிதத்தைக் கொடுப்பார்கள். நூலும் கிடையாது. ஊசியில் நூல் கோர்க்காமல், காகிதத்தில் அச்சடித்த கோட்டின் மேல் வரிசையாக ஓட்டை போட்டுக்கொண்டே போக வேண்டும். முதலில் நேர்க்கோடு, பிறகு வளைவு, பிறகு நத்தை ஓடு மாதிரி சுற்றிச் சுற்றி உள்ளே போகிற கோடு. அணைக்கட்டுப் பக்கத்தில் வேர்க்கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. பள்ளிக்கூடம் முடித்த கையோடு பள்ளிகொண்டாவுக்கு வந்து ஹைவேயில் கம்பெனி பஸ் ஏறினேன். வாரக்கணக்கில் காகிதத்தைத்தான் ஓட்டை போட்டேன். ஆயத்த ஆடை தைக்கும் பெண்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அவர்களுக்காவது துணி கொடுத்தார்கள்.

அந்த நாளைய மெஷினில் வலது முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டை இருக்கும். வளைவு வந்தால் முழங்காலால் அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளினால் தோலை அழுத்திக்கொண்டிருக்கும் இரும்புப் பாதம் மேலே தூக்கும். அந்த நொடியில் தோலைத் திருப்பி, முழங்காலை விட்டுவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். கை திருப்புகிறது, முழங்கால் தூக்குகிறது, உள்ளங்கால் மிதியை ஓட்டுகிறது. முதலில் மூன்றும் மூன்று திசையில் இழுக்கும். கை திருப்பிய பிறகு முழங்காலுக்கு நினைவு வரும், ஊசி உடையும். ஊசி உடைந்து உடைந்து ஒரு நாள் உடையாமல் போனது. அதற்குப் பிறகு முழங்காலை நான் நினைத்ததே இல்லை. அது தானாகப் போய்த் தானாக வரும். பக்கத்து மெஷின்காரியோடு சீரியல் கதை பேசிக்கொண்டே வளைவு தைப்பேன். கம்பெனிச் சுவரில் எங்கள் எல்லோருடைய போட்டோவும் இருக்கும், ஒவ்வொரு போட்டோவுக்கும் நேராக ஒரு வட்டம் இருக்கும். புது ஆளுக்குக் கால் வட்டம் கறுப்பு. நன்றாகத் தைக்கிறவளுக்கு முழு வட்டமும் கறுப்பு. எனக்கு முழு வட்டம் இருந்தது.

கல்யாணம் ஆகிக் குடியாத்தம் வந்தேன். வீட்டுக்காரருக்கு லுங்கித் தறி. பவர்லூம் வீட்டு முன்கூடத்திலேயே ஓடுகிறது. அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் பேச வேண்டும், சாப்பிட வேண்டும், சண்டை போட வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு முன்னால் எழுந்தால் டீ போட்டு வைப்பார். பெரியவன் வயிற்றில் இருந்தபோது வேலையை விட்டு நில் என்று அவர் அதட்டவும் இல்லை. சிரித்துக்கொண்டு சொன்னார்.

"கை எங்க போவப் போவுது? புள்ளைங்க ஸ்கூலுக்குப் போவட்டும், அப்புறம் போய்க்கலாம். கத்துக்கின வேல மறக்குமா?"

மாமியாரும் அதையே சொன்னார். டாக்டரம்மா வீட்டு வாசலில் பார்த்த ஒரு பெண்மணிகூடச் சொன்னாள். ஊரே கூடி என் கைக்கு உத்தரவாதம் கொடுத்தது. நானும் நின்றேன். பெரியவன் பிறந்து, சின்னவன் பிறந்து, ஐந்து வருடம் ஓடிவிட்டது. நடுவில் ஒரு பழைய மெஷின் வாங்கி ஓரமாகப் போட்டுத் தரச் சொல்லி வீட்டுக்காரரிடம் கேட்டேன், கையாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்று. இடம் எங்கே இருக்கிறது என்றார். நியாயம்தான், தறி நிற்கிற வீட்டில் இடம் கிடையாது. அந்தத் தறியில் அவர் கை மட்டும் ஒரு நாள்கூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

அந்த ஐந்து வருடமும் என் முழங்கால் என்னோடு இருந்தது. சின்னவன் சட்டையில் பிரிந்த காலரைக் கையால் தைக்கும்போது அது திரும்புகிற இடத்தில் வலது முழங்கால் வெளியே போகும். அங்கே என்ன இருக்கிறது, அரிசிப் பானைதான் இருக்கும், அதில் போய் இடிக்கும். வேலூருக்குப் பஸ்ஸில் போகும்போது டிரைவர் வளைத்தால் என் முழங்காலும் போகும். பக்கத்தில் உட்கார்ந்த அம்மா ஒரு தடவை முறைத்துவிட்டுச் சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். கை மறக்காது என்று ஊர் சொன்னது சரிதான் என்று நானும் நம்பினேன்.

சின்னவனை எல்கேஜியில் விட்ட கையோடு கம்பெனிக்குத் திரும்பப் போனேன். பஸ் இப்போது குடியாத்தத்துக்கே வருகிறது. பாலாற்றைத் தாண்டி ஹைவேயில் ஏறியபோது பிறந்த வீட்டுக்குப் போவது போல இருந்தது எனக்கு. போய்ப் பார்த்தால், முன்பு என் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து சீரியல் கதை பேசியவள் சூப்பர்வைசர். என் சாப்பாட்டு டப்பாவில் மல்லாட்டைச் சட்னி, வேர்க்கடலைச் சட்னியைத்தான் சொல்கிறேன், இருந்தால் மூடியைத் திறக்கும் முன்பே கையை நீட்டுகிறவள். சந்தோஷமாகச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைக் காட்டினாள்.

"அதான் ரூல்ஸு, அக்கா. அஞ்சு வருஷம் கேப். கால் வட்டத்துலேர்ந்துதான் வரணும். ஃப்ரெஷர் பேட்ச்ல, புதுசா வந்த பொண்ணுங்களோட ஒக்காருங்க. மாசக் கடைசில டிரையல். பாஸ் பண்ணா டெய்லர், இல்லன்னா ஹெல்பர்."

ஹெல்பர் என்றால் பசை தடவுவது, நூல் பிசிறு வெட்டுவது, தைத்ததை எடுத்து அடுத்தவளிடம் வைப்பது. அந்த வேலையைக் குறைவாக நான் சொல்லவில்லை. ஆனால் முழு வட்டமாக இருந்தவளை அங்கே உட்காரச் சொல்வது வேறு. போய் உட்கார்ந்தேன். சுற்றிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்கள், முன்னால் காகிதம். நூல் இல்லாத ஊசி.

நான் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. நேர்க்கோட்டைக் கண்ணை மூடிக்கொண்டு முடித்தேன். வளைவு வந்தது. முழங்கால் போனது. அங்கே ஒன்றும் இல்லை, வெறும் காற்று. கையோ அதற்குள் காகிதத்தைத் திருப்பிவிட்டது. பாதம் தூக்காததால் காகிதம் சரேலென்று கிழிந்து ஊசி கோட்டை விட்டு ஓரமாக ஓடியது. அடுத்த வளைவு, அதே கதை. பதறிப்போய்க் காலைப் பின்னால் இழுத்தேன், நான் கேட்காமலேயே பாதம் தூக்கிக்கொண்டு மெஷின் நின்றது. இது புது மெஷின். இதில் முழங்கால் பட்டை கிடையாது. மிதியைக் குதிகாலால் பின்னுக்கு அழுத்தினால் பாதம் தூக்கும். இன்னும் அழுத்தினால் நூலையே வெட்டிவிடும்.

என் பக்கத்தில் இருந்த பெண் சுழல் கோட்டில் உள்ளே போய்க்கொண்டிருந்தாள். வந்து ஒரு வாரம்கூட ஆகாதவள். அவள் காலுக்குப் பழசு எதுவும் தெரியாது, அதனால் புதுசு சுலபமாக இறங்கிவிட்டது. என் கிழிந்த காகிதத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்கு மேலே கண் சிரித்தது.

சூப்பர்வைசர் வந்தாள், காகிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"கை மறந்துபோச்சுக்கா. சகஜம்தான்."

இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கன்னத்தில் அடித்திருந்தால்கூட அத்தனை வந்திருக்காது. மறக்கவில்லையடி, மறக்காததுதான் பிரச்சனை என்று கத்த வேண்டும் போல இருந்தது. அவளுக்கு அது தெரியும். அவளும் முழங்காலால் தள்ளித் தைத்தவள்தான். மெஷின் மாறியபோது அவள் இங்கே இருந்தாள். ஒரு வாரம் தடுமாறியிருப்பாள், யாரும் அவள் வட்டத்தை அழிக்கவில்லை. அந்த வாரம் நான் குடியாத்தத்தில் சின்னவனுக்கு மூக்குச் சிந்திவிட்டுக்கொண்டிருந்தேன்.

"பழைய மெஷின் ஒண்ணு இருந்தா குடு. அதுல தச்சுக் காட்டறேன்" என்றேன்.

"அதெல்லாம் ஸ்கிராப்புக்குப் போய்டுச்சுக்கா. பேஜார் பண்ணாதீங்க."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. தறியை நிறுத்தாமலேயே கேட்டுக்கொண்டார்.

"ஹெல்பரா போட்டா எதுக்கு? கோந்து தடவறதுக்குக் குடியாத்தத்துலேர்ந்து ஆம்பூர் போவணுமா? வூட்லயே இரு."

மறக்காது என்று சொல்லி என்னை வீட்டில் உட்கார வைத்தவர் இவர். மறந்துபோச்சு என்று சொல்லி என்னைக் காகிதத்தில் உட்கார வைத்தவள் அவள். ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு பேச்சு. இரண்டுமே சொன்னவர்களுக்குச் சௌகரியமாக இருந்தது, இரண்டிலும் உட்கார்ந்தவள் நான். என் கை எப்படி இருக்கிறது என்று இரண்டு பேரில் ஒருவராவது கேட்டார்களா? அன்றைக்குச் சோற்றை ஆக்கி இறக்கும்போதே முடிவு செய்தேன். டிரையலில் தோற்றால் இந்தக் கூடத்துச் சத்தத்தைத் தவிர வாழ்க்கையில் எனக்கு வேறு சத்தம் கிடையாது. தோற்கக் கூடாது.

சப்பாத்திக் கட்டையைத் தரையில் வைத்து, அதன் மேல் ஒரு பலகையைப் போட்டேன். காலை வைத்தால் முன்னாலும் பின்னாலும் ஆடியது. முன்னால் அழுத்தினால் ஓட்டம், குதிகாலால் பின்னால் அழுத்தினால் தூக்கல். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, பையனுடைய பழைய நோட்டு அட்டையில் வளைவு வரைந்து கையால் திருப்பிக்கொண்டே குதிகாலை அழுத்தினேன். ஒவ்வொரு வளைவிலும் முழங்கால் முந்திக்கொண்டது. திட்டினேன். கிள்ளினேன். முழங்காலுக்குக் காது கிடையாது. கடைசியில் தறியடியில் கிடந்த லுங்கிக் கரைத் துண்டு ஒன்றை எடுத்து இரண்டு முழங்காலையும் சேர்த்துக் கட்டினேன். இறுக்கமாகக் கட்டினேன், போவதென்றால் இரண்டும் சேர்ந்து போகட்டும் என்று.

மாமியார் அடுக்களை வாசலில் நின்று பார்த்தார்.

"இன்னாடி இது, காலக் கட்டிக்கினு?"

"தையல் பழகறேன்."

"ஊசியே காணோமே" என்றார். குதிகாலை அழுத்திக்கொண்டே இருந்தேன். அன்று சப்பாத்தி கிடையாது, கட்டை என் காலடியில் இருந்தது. வீட்டுக்காரர் உப்புமாவை முறைத்துப் பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

கம்பெனியிலும் கட்டினேன். ஏப்ரனுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்டு காகிதம் தைத்தேன். ஒரு நாள் டீ மணி அடித்ததும் கால் கட்டியிருப்பதை மறந்து எழுந்தேன். பக்கத்துப் பெண்ணின் மேல் தடாலென்று சாய்ந்தேன். பேட்ச் முழுக்கச் சிரித்தது. சிரிக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பையின் வாரால் முழங்காலைச் சுற்றிக்கொண்டு வழியெல்லாம் குதிகாலை அழுத்தினேன். கெண்டைக்கால் கல்லாகிப் படுத்தால் இழுக்கும்.

இதில் யாரும் சொல்லித் தராத ஒன்று உண்டு. பழசு போனதும் புதுசு வந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி நடக்காது. நடுவில் சில நாள் இரண்டும் இருக்காது. முழங்கால் நின்றுவிட்டது, குதிகால் இன்னும் வரவில்லை. வளைவில் கை மட்டும் தனியாக நின்று திருதிருவென்று விழிக்கும். அந்த நாட்களில் நேர்க்கோடுகூட எனக்குக் கோணியது. காகிதத்தைக் கசக்கி எறிந்துவிட்டுப் பாத்ரூமில் போய் அழுதேன், துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். இந்த இடத்தில்தான் பலபேர் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அவர்களைத்தான் கை மறந்தவர்கள் என்று ஊர் சொல்கிறது.

பிறகு ஒரு நாள் சுழல் கோட்டின் நடுவில் ஊசி நின்றதைப் பார்த்தேன். எப்படி வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாயங்காலம் என்ன குழம்பு வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கீழே பார்த்தால் அன்று துணியைக் கட்டவே இல்லை.

டிரையலில் தோல் கொடுத்தார்கள். கறுப்புத் தோல், குதிகால் பக்கம் வருகிற துண்டு, முழுக்க வளைவு. தைத்துக் கொடுத்தேன். சூப்பர்வைசர் விளிம்பில் நகத்தை ஓட்டிப் பார்த்தாள், சின்ன ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள். பிறகு அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து எல்லாப் பெண்களுக்கும் காட்டினாள்.

"பாத்தீங்களாடி? பழைய கை. எங்க போவும்? இதான் எக்ஸ்பீரியன்ஸ்."

பெண்கள் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாதம் மறந்துபோச்சு என்ற அதே வாய். நான் கட்டிய கட்டு, கெண்டைக்கால் இழுத்தது, பாத்ரூமில் அழுதது, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாள். சும்மா இருந்தேன். டெய்லர் வேலை கையில் வந்திருக்கிறது, அதைக் கெடுத்துக்கொள்ள நான் பைத்தியம் இல்லை. ஆனால் அதன் பிறகு என் டப்பா மூடியை அவள் முன்னால் திறக்கவில்லை.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் உண்மையிலேயே சந்தோஷப்பட்டார், ஸ்வீட் வாங்கி வந்தார். வாயில் போட்டுக்கொண்டே, "நான்தான் அப்பவே சொன்னேன்ல, மறக்காதுன்னு" என்றார். அதையும் விழுங்கினேன்.

விழுங்க முடியாதது சில மாதம் கழித்து வந்தது. காலை நேரம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டி வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் முந்தின நாள் முழுக்க வீட்டுக்காரர் காதில் ஓதியிருக்க வேண்டும்.

"ரெண்டும் பசங்களாப் போச்சு. ஒரு பொண்ணு இருந்தா நல்லாருக்கும்னு அம்மா ஆசப்படுது" என்றார் தறிச் சத்தத்துக்கு மேலே. "ரெண்டு மூணு வருஷந்தான். அப்புறம் திரும்பப் போய்க்கோ. கைதான் மறக்காதுன்னு நீயே காட்டிட்டியே."

பையைக் கீழே வைத்தேன். அந்தத் துணி பையிலேயேதான் இருந்தது, ஏனோ தூக்கிப் போட மனம் வரவில்லை. எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன். எனக்குக் கோபம் வந்தால் வாயில் 'ங்க' வராது.

"வலது கையக் குடு."

"இன்னாமே, வெளையாட்டா?"

"குடு சொல்றேன்."

சிரித்துக்கொண்டே கொடுத்தார். மணிக்கட்டைச் சுற்றி, அவர் இடுப்பில் கட்டியிருந்த பெல்ட்டோடு சேர்த்து முடிச்சுப் போட்டேன். தறியை ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கைப்பிடி உண்டு. வலது கை எப்போதும் அதன் மேலேயே இருக்கும்.

"இப்ப இடது கையால ஓட்டு. கத்துக்கின வேலதானே, மறக்காதுல்ல?"

"இது ஒரு விஷயமா?" என்று இடது கையால் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். தறி ஓடியது. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் ஓடியது. என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், இடது கையை எடுத்து மீசையைத் தடவினார். அப்போது பாவில், தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களில், ஒரு இழை அறுந்தது. நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அவருடைய வலது தோள் துள்ளியது. கட்டிய கை பெல்ட்டை இழுத்தது. தறியை நிறுத்துவது தன் வேலை என்று இடது கைக்குத் தெரிய இன்னும் கொஞ்சம் நேரம் ஆனது. அதற்குள் அறுந்த இழை பக்கத்து இழைகளில் சிக்கி ஒரு கொத்தே அறுந்துவிட்டது. தறி நின்றபோது கூடத்தில் அப்படி ஒரு அமைதி. பிள்ளைகள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"பாவு போச்சுடி! அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினார்.

"இன்னா, கை மறந்துபோச்சா?"

அவர் அறுந்த இழைகளைப் பார்த்தார், கட்டியிருந்த கையைப் பார்த்தார். தறி நின்ற சத்தம் கேட்டு மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்தார்.

"இன்னாடா ஆச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். "ஒண்ணும் இல்லம்மா, உள்ள போ" என்றார்.

நான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். செருப்பில் கால் நுழைக்கும்போது பின்னாலிருந்து குரல் வந்தது, இந்த முறை சிரிப்பு இல்லாமல்.

"இத அவுத்துட்டுப் போ."

"இடது கை சும்மாதானே கீது. பழகிக்கோ. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."